பிடிக்குள் இருந்த ஓட்டை

கோவிந்தாபுரம், 1956 கார்த்திகை, புதன்கிழமை.

நான் அடித்த வாளை, இருநூறு வருஷத்துப் பாளையக்காரர் வாள் என்று சொல்லி மாப்பிள்ளை கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவருக்கு விற்றிருக்கிறார். இன்று அந்த முதலாளியே வாளோடு வந்துவிட்டார், இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டு.

“இது போன மாசம் நான் அடிச்சதுங்க” என்றேன்.

வாளை வளைத்து விட்டுக்கொண்டே சிரித்தார். “கடலைக்காடு ஓட்டற கவுண்டர் அடிச்சீங்களாக்கும்? இந்தக் காலத்துல எவனுக்குங்க இந்தக் கை வரும்?”

அந்தப் பாராட்டு வசவாகப் பட்டது. யாரும் சொல்லித் தராமல், இரும்பைக் காய்ச்சித் தோய்க்கிற பதம் தப்பித் தப்பிக் கற்ற வேலை இது. பிடியைக் கழற்றிக் காட்டினேன். வாளாக அடிக்க நான் எடுத்த பழைய லாரி வில்லுப்பட்டையின் போல்ட் ஓட்டை உள்ளே அப்படியே இருந்தது. அவர் முகம் தொங்கிவிட்டது. வாளைக் கீழே போட்டுவிட்டு மாப்பிள்ளையிடம் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

“ஏனுங்க மாமா, செத்த நேரம் வாயெ மூடிட்டு இருந்தா என்னங்க?” என்றார் மாப்பிள்ளை. இனி என் வாள் எதையும் விற்றுத் தரமாட்டாராம். எனக்கு வேறு ஆள் இல்லை.

இல்லாவிட்டால் போகட்டும். முதலாளி மெச்சிய இரும்பும் கீழே போட்ட இரும்பும் ஒன்றுதான். நாளை காலை, பிடிக்கு மேலே பதம் ஏறாமல் உளி இறங்குகிற இடத்தில், என் பெயரையும் வருஷத்தையும் வெட்டப்போகிறேன். வாங்குகிறவன் படித்துவிட்டு வாங்கட்டும்.