மாப்பிள்ளை ஏறிய படகு

மதிப்பிற்குரிய மீன்வளத் துறை ஆய்வாளரும், என் கெட்ட நேரத்துக்கு என் மகளுக்குப் புருஷனுமான மாப்பிள்ளைக்கு,

இங்கு யாரும் நலமில்லை. அங்கு அவள் நலமா என்று தெரிந்தால் போதும். உங்கள் நலத்தை நான் விசாரிக்கவில்லை என்பதைக் கவனிக்கவும்.

நீங்கள் பிடித்துவைத்த என் படகு உங்கள் ஆபீசுக்குப் பின்னால் வெயிலில் காய்கிறது. தண்ணீரில் கிடக்க வேண்டிய மரம், பலகை விரிந்துவிடும். ஈரச் சாக்காவது போடச் சொல்லி உங்கள் காவலாளியிடம் கேட்டேன். ஐயா உத்தரவில்லாமல் தொடமாட்டேன் என்றான். உங்க ஐயாவுக்கு மீனில் முள் எடுக்கத் தெரியாது, என் வீட்டில் அவருடைய அத்தைதான் எடுத்துக் கொடுப்பாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொம்பன் சுறாவைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் எனக்கு வகுப்பெடுத்தீர்கள். மத்தி மாதிரி கொட்டிக் கொட்டி முட்டையிடும் இனமில்லை, வளரவே வருஷக்கணக்காகும், குட்டியும் கொஞ்சம்தான், அறுத்துக்கொண்டே போனால் அற்றுப்போகும், அதனால்தான் தடை என்றீர்கள். குறைந்துபோனது எனக்குத் தெரியாதா? என் அப்பா கரைக்குப் பக்கத்தில் பிடித்ததை நான் இரண்டு நாள் ஓடிப் பிடிக்கிறேன். குறைந்ததால்தான் அதன் துடுப்புக்கு, எங்கள் பாஷையில் பீலிக்கு, அந்த விலை. துடுப்பை அறுத்து உப்புப் போட்டுக் கொடுத்தால் வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது. வாங்குகிறவனைப் பிடிக்க உங்கள் துறையிடம் வலை கிடையாது. மாமனாரைப் பிடிக்க மட்டும் உண்டு.

மாப்பிள்ளையே ஆய்வாளர், எனக்கென்ன பயம் என்று துறைமுகம் முழுக்கப் பேசித் திரிந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பேச்சால் உங்கள் வேலையே போய்விடும் என்று என் மகள் போனில் அழுதாள். மாமனார் வாயால் போகிற வேலை இருந்தால் என்ன, போனால் என்ன என்று போனை வைத்துவிட்டேன். அடுத்த வாரம் நீங்கள் படகில் ஏறினீர்கள்.

அதுவும் செருப்போடு. ஏலக்காரர், ஐஸ் வண்டிக்காரர், மீன் பிரிக்கும் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, கையில் கடப்பாரையோடு. வலையைப் புரட்டவில்லை, என்ஜின் அறையை எட்டிப் பார்க்கவில்லை. நேராக ஐஸ் அறைக்குள் இறங்கி, மூலைப் பலகையைப் பெயர்த்து, அடியில் இருந்த பீலி மூட்டைகளை வெளியே போட்டீர்கள். காட்டிக் கொடுத்தவன் எவன் என்று கத்தினேன். என்ஜின் ஓட்டும் நெட்டையன்தான் என்று நினைத்து அவனை அறைந்தும்விட்டேன். நீங்கள் குறுக்கே வந்து என் கையைப் பிடித்தீர்கள்.

"யாரும் சொல்லல மாமா. பலகையத் தட்டிப் பாத்தேன், வெத்துச் சத்தம் கேட்டுச்சு. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

உங்கள் முகத்துக்கு நேராகத் துப்பினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கும் கடிதம் அல்ல இது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. மூட்டை அடைத்த இடம் எப்படி வெற்றாகச் சத்தம் போடும்? அந்த இரட்டைப் பலகையை நான் அடித்தபோது தச்சன்கூட அங்கே இல்லை. நெட்டையனுக்கு இன்றுவரை தெரியாது. ஆணி எடுத்துக் கொடுத்தது ஒரே ஆள். பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து, இதுக்குள்ள என்னப்பா வைப்பே என்று கேட்டவள்.

நெட்டையன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை.

வக்கீல் நேற்று உற்சாகமாக வந்தார். தகவல் கொடுத்தது யார் என்று உங்களைக் கூண்டில் நிறுத்திக் குடைந்தால் கேஸே ஆட்டம் கண்டுவிடுமாம். அந்தக் கேள்வியே கூடாது என்று சொல்லிவிட்டேன். ஜெயிலுக்கு வழி கேட்கிற கட்சிக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். என் சரக்கு, என் கையால் அறுத்தது, என் தண்டனை. அதில் உங்கள் தயவு எனக்கு வேண்டாம்.

ஆனால் கோர்ட்டில் அந்த வெற்றுச் சத்தத்தைச் சொல்லித் தொலைக்காதீர்கள். நேற்றுப் படித்து வந்த வக்கீல்கூடக் கிழித்துவிடுவான். மற்ற ஆணியெல்லாம் துருப்பிடித்திருந்தது, அந்த மூலையில் மட்டும் பளபளத்தது, அதனால் சந்தேகம் வந்தது என்று சொல்லுங்கள். போன மாதம்தான் மாற்றினேன், எனவே அது நிஜம். பொய்யில் பாதியாவது உண்மை கலக்க வேண்டும். இதையும் மாமனார்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

பிரசவத்துக்குத் துணையாக அத்தை நாளை புறப்படுகிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் வரமாட்டேன். நீங்களும் என் வாசலை மிதிக்க வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் என் மகளுக்குத் தெரியவே கூடாது. கடிதத்தில் என்ன என்று கேட்டால், அப்பா என்னைத் திட்டி எழுதியிருக்கிறார் என்று சொல்லுங்கள். பொய்யாகாது. பிறகு கிழித்துவிடுங்கள்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து எழட்டும். வலி வந்தால் அவள் அப்பா என்றுதான் கத்துவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அப்போது பக்கத்தில் நீங்கள் இருங்கள்.

இப்படிக்கு,
உங்களை மன்னிக்காத
மாமனார்