பூமி இல்லாத வண்டி

அன்புத் தம்பி தர்மாவுக்கு,

சிலிபினிலிருந்து அக்கா விமலா எழுதுவது. நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் கோயில் கொட்டகைக்குப் போய், உன் வண்டிக்கு வருகிற வயரின் பிளக்கைப் பிடுங்கு. வண்டியின்மேல் கை வைக்காதே. பிடுங்கிவிட்டு வந்து மீதியைப் படி.

நீ பிடுங்கியிருக்கமாட்டாய். அக்கா சொல்லி எதைத்தான் உடனே செய்திருக்கிறாய்? அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நேற்று கனகராஜ் பீடோரிலிருந்து காய்கறி லோரியில் வந்தவன் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போனான். பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் உன் கேரவன் நிற்கிறதாம். கொட்டகையிலிருந்து புல்மேல் வயர் ஓடுகிறதாம். உன் பெண்டாட்டி தினேஸ்வரி வெறுங்காலோடு நின்று வண்டிக் கதவில் ஈரத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். ஏதோ நல்ல சேதி போலத்தான் சொன்னான். நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். உங்கள் இருவர் போனுக்கும் அடித்து அடித்துப் பார்த்தேன். அந்தச் செம்பனைக் காட்டுக்குள் லைன் எங்கே கிடைக்கப்போகிறது?

கனகராஜையே பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். "நான் கை வச்சா தர்மா அண்ணே என்னைப் பொளந்துருவாருலா. கடுதாசி வேணும்னா குடுங்கக்கா, கொண்டுபோய்க் குடுக்குறேன்" என்கிறான். அவன் பிடுங்கினாலும் லோரி திரும்பியதும் நீ மறுபடி செருகுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. நானே வரலாம் என்றால், யாராவது தேடி வந்தால் வண்டியை இன்னும் உள்ளே கொண்டுபோய்விடுவேன் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போயிருக்கிறாய். உன் மச்சானுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு பெரிய நடிகர்போல நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காரை எடுக்கக் கூடாதென்று டாக்டர் உத்தரவு. ஆகவே இன்று கனகராஜ் திரும்பும்போது கொடுத்தனுப்புகிற இந்தக் கடிதம்தான் எனக்குக் கை, கால் எல்லாம்.

அன்றைக்கு நடந்தது நீ நினைக்கிற மாதிரி இல்லை, தர்மா. தோட்டத்து வீடுகளை இடித்த பிறகு அந்தப் பழைய வேனைக் கேரவனாக்கி எங்கள் வாசலில் நிறுத்திக் குடியிருந்தீர்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். நம் சமையல்கட்டிலிருந்து நீயே வயர் இழுத்து வண்டிக்குக் கரண்ட் கொடுத்தாய். மழை பெய்த அன்று கதவைத் தொட்ட தினேஸ்வரிக்குக் கை உதறியது. அதே நேரம் வீட்டு டிரிப் சுவிட்ச் விழுந்து எல்லாம் இருண்டது. அதற்காகத்தானே மச்சான் வயரிங் செய்கிற ஃபோங் அங்கிளைக் கூப்பிட்டு, வண்டிக்கென்று வாசலில் தனி பிளக் பாயிண்ட் வைக்கச் சொன்னார்.

ஃபோங் அங்கிள் குனிந்து உன் வயரைப் பார்த்துவிட்டு, "பூமி தாராக், மானா போலே சம்போங்" என்றார். பூமி இல்லை, எப்படி இணைக்க முடியும் என்று. நீ அப்போதுதான் வீடு விற்கிற ஆபிசிலிருந்து திரும்பியிருந்தாய். மிச்சம் இருக்கிற வீடெல்லாம் பூமி லாட், மலாய்க்காரப் பூமிபுத்ராக்களுக்கு மட்டும்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த வேக்காட்டோடு நின்றவன் காதில் இதுவும் விழுந்தால் என்ன ஆகும்? கரண்டுக்குமா பூமிபுத்ராவாகப் பிறக்கணும் என்று அந்த மனுஷனைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டாய். வயரைச் சுருட்டிக்கொண்டு, தினேஸ்வரியை ஏற்றிக்கொண்டு போயே விட்டாய்.

உன்னை மட்டும் சொல்லி என்ன? நானும் அப்படித்தான் புரிந்துகொண்டேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவர் கடைக்கே சண்டைக்குப் போனேன். நான் ஒருவழியாகக் கத்தி முடித்தேன். அப்புறம், தானும் சீனன்தான், தனக்கும் அந்தச் சலுகை கிடையாது, வயர் அதையெல்லாம் விசாரித்தா வேலை செய்யும் என்று மலாயில் கேட்டார். கடையிலிருந்த ஒரு வயரின் தோலை உரித்துக் காட்டினார். உள்ளே மூன்று வயர். பச்சையும் மஞ்சளுமாக இருந்ததைத் தொட்டு, இதுதான் பூமி, உன் தம்பி போட்டதில் இது இல்லை என்றார். நாம் எர்த் வயர் என்று சொல்வதற்கு மலாயில் பூமி என்று பெயராம். தமிழிலும் அதே சொல்தானே, நம் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கவனமாகப் படி. உன் வண்டிக்குள் எங்கேயோ கரண்ட் கசிந்து தகரத்தில் ஏறுகிறது. வண்டி நிற்பது ரப்பர் டயரில். அந்தக் கரண்ட் மண்ணுக்கு இறங்க வழி இல்லை. ஈரக்காலோடு தரையில் நின்று கதவைத் தொடுகிற ஆள்தான் அதற்கு வழி. இங்கே டிரிப் விழுந்ததால் தினேஸ்வரி கையை உதறியதோடு தப்பினாள். அந்தக் கோயில் கொட்டகையில் பழைய பீங்கான் ஃபியூஸ் மட்டும்தான், கரண்ட் கசிந்தால் தானே அணைகிற டிரிப் சுவிட்சே கிடையாது. போன திருவிழாவுக்கு அங்கே விளக்குக் கட்டிய மச்சான் கண்ணால் பார்த்தது.  அங்கே கரண்ட் அவளைப் பிடித்தால் விடாது, தம்பி.

ஃபோங் அங்கிள் உன் பேச்சை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாளே வந்து லோங்காங் சாக்கடை ஓரத்து ஈர மண்ணில் செப்புக் கம்பி அடித்து இறக்கி, வாசல் சுவரில் மூடி போட்ட பிளக் பாயிண்டும் உன் வண்டிக்கென்று தனி டிரிப்பும் வைத்துவிட்டார். மூன்று வயர் கேபிளும் வாங்கியாகிவிட்டது. நீ வந்தால் வண்டிக்குள் எங்கே கசிகிறது என்று பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் இணைப்பாராம். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், ஒரு கோப்பி வாங்கிக் கொடு, போதும்.

ஆபிசில் உனக்கு நடந்தது அநியாயம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் வயிறு எரிகிறது. வருஷம் முழுக்க அவர்கள்மேல் கோபமாக இரு, நானும் கூட இருக்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தைத் தினேஸ்வரி காலடியில் கொண்டுபோய் வைக்காதே.

இவ்வளவு சொல்லியும் நீ யோசித்துக்கொண்டுதான் இருப்பாய். இனி என்னிடம் இருப்பது ஒன்றுதான். தினேஸ்வரி என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். போன தடவை தங்காமல் போனதால், இது நிலைத்த பிறகு தானே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள். நான் சத்தியத்தை மீறுகிறேன், அவள் என்னைத் திட்டட்டும். அவள் முழுகாமல் இருக்கிறாள், தர்மா.

இதைப் படித்ததும் சந்தோஷத்தில் அவளிடம் ஓடாதே. அவள் வண்டிக்குள் இருந்தால் இறங்க வேண்டாம் என்று தூரத்திலிருந்தே சொல். கதவைத் தொடாதே. முதலில் பிளக். அப்புறம் அவள்.

மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அக்கா விமலா