இருட்டில் இலைகள் செய்வது

செவ்வாய்க் கோள், பயிர்க்கூடம்
நாள் 212. காலை 7.10
சோயா 1,140 செடிகள், நலம். கூரைக் கண்ணாடி வழியே வெயில் விழுகிறது. இலை அவ்வொளியால் நீரைப் பிளக்கிறது. கரியமில வாயுவைக் கொண்டு தனக்குச் சர்க்கரை சமைக்கிறது. வேண்டாத ஆக்சிஜனை வெளியே தள்ளுகிறது. அந்தக் கழிவில்தான் இருவர் வாழ்கிறோம்: தாவரவியல் பேராசிரியையான நான், வயது எழுபத்தொன்று, மின்நிலைய அறையில் பொறியாளர் கயிலைநாதன். இங்குள்ள ஆக்சிஜன், பயிர்க்கூடத்துக்கென வைத்த காப்பு அளவைத் தாண்டினால்தான் அவர் அறைக்குச் செல்லும் குழாய் தானாகத் திறக்கும். மிஞ்சுவதே அவர் பங்கு.

நாள் 214. பகல் 11.40
புழுதிப் புயல். எங்கள் அறைகளுக்கு இடையிலான சுரங்கப்பாதை மணலால் அடைபட்டது. பூமியின் செய்தி: "மூன்று நாளில் ஓயும். பொறுத்திருங்கள்." அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது.

நாள் 216. காலை 9.05
ஒளி பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இருட்டில் இலை சமையலை நிறுத்தும், மூச்சை நிறுத்தாது. சேர்த்த சர்க்கரையை எரிக்க, நம்மைப் போலவே ஆக்சிஜனை உட்கொள்ளும். நாற்பது ஆண்டுகள் நான் நடத்திய பாடம். பாதிச் செடிகளையாவது பிடுங்கி வெளியே எறிய வேண்டும். புயலுக்குப் பின் மீதியே இருவருக்குப் போதும்.
பிடுங்கவில்லை. மூன்று நாள்தானே என்பது நான் எழுதிக்கொண்ட காரணம். உண்மைக் காரணம் வேறு: இது நான் உருவாக்கிய ரகம். பதினோரு ஆண்டு உழைப்பு.

நாள் 217. காலை 10.30
கயிலைநாதன், வானொலியில்: "புரபசரம்மா, தலை விண்ணுவிண்ணுன்னு வலிக்குது. உங்க பிள்ளைங்க வேலை பாக்குதா, இல்ல கடைசி பெஞ்சுல தூங்குதா?"
நான்: "பார்க்கின்றன. நீங்கள் பேச்சைக் குறைத்தால் காற்று மிஞ்சும்."
கயிலைநாதன்: "உங்ககிட்ட படிச்சவங்க பாவம்மா!"
சிரித்தார். நான் சொன்னது பொய்.

நாள் 218. மாலை 4.30
புயல் ஓயவில்லை. குழாய் மூன்று நாளாக மூடியே இருக்கிறது.
கயிலைநாதன்: "அம்மா... செடிங்க எப்பவும் காத்து குடுக்கும்தானே? பள்ளிக்கூடத்துல அப்படித்தான சொன்னாங்க?"
கையுறை மாட்டினேன். இரண்டு மணி நேரத்தில் 540 செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். குழாய் திறக்கவில்லை.

நாள் 219. காலை 7.00
அழைத்தேன். பதில் இல்லை.
7.20. இல்லை.
8.15. திட்டியும் பார்த்தேன். திட்டினால் எப்போதும் பதில் வரும்.
11.00. புழுதி சற்று விலகி ஒளி கூடியது; குழாய் திறந்தது. அழைத்தேன்.

நாள் 226. பகல் 12.00
புயல் ஓய்ந்து நான்கு நாள். 600 செடிகள். ஒளி போதும். நீர் போதும். ஆயினும் வளர்ச்சி மந்தம். அளந்து பார்த்தேன்: கரியமில வாயு குறைவு. அதை வெளியிலிருந்து எடுக்கும் எந்திரம் புழுதியில் நின்றுவிட்டது. இனி இலைகளுக்குக் கிடைப்பது நாம் விடும் மூச்சு மட்டுமே.
நாம் என்று எழுதிவிட்டேன். திருத்தம்: நான்.