ஒட்டிக்கொண்ட இரண்டு அட்டைகள்

ராயபுரம்,
ஜனவரி 18, ஞாயிறு மதியம்.

அன்புள்ள ஜூடிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் மலரும் சுகம். நீ சுகம் என்பதைத் தினமும் போனில் சொல்லிவிடுவதால் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நான் எதையாவது சொல்ல வாயெடுத்தால் மலர் சாப்பிட்டாளா என்று நீ கேட்பாய். சாப்பிட்டாள் என்பேன். உன் அறையில் இருக்கும் மற்ற மூன்று நர்சுகளும் அதைக் கேட்டு நிம்மதி அடைவார்கள். அத்தோடு பேச்சு முடியும். மூன்று வருடமாக இதுதான் நடக்கிறது. தவிர, இந்தக் கடிதத்தோடு வைத்து அனுப்ப வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதைப் போனில் அனுப்பியதால்தான் இவ்வளவு வினையும்.

இதைக் கொண்டுவருகிறவள் உன் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் கார்குழலி. விடுமுறை முடிந்து செவ்வாயன்று மஸ்கட் திரும்புகிறாள். நாளை வியாசர்பாடிக்குப் போய் அவள் வீட்டில் பார்சலைக் கொடுத்துவிடுவேன். புத்தரை வணங்குகிற பெண் கிறிஸ்தவ வசனத்தையும் காசிமேட்டு நெத்திலிக் கருவாட்டையும் ஒரே பையில் சுமந்து அரபு நாட்டில் இறங்கப் போகிறாள். அங்கே யாராவது ஆட்சேபித்தால் கருவாட்டைத்தான் ஆட்சேபிப்பார்கள். அது கீழ்வீட்டுச் சொக்கம்மாள் அக்கா உனக்கென்று தன் கூடையிலிருந்து எடுத்து வைத்தது.

மலருக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அதையும் பார்சலில் வைக்கச் சொன்னாள். கருவாட்டோடு பல் போனால் கார்குழலி பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று மறுத்துவிட்டேன். கண்டெய்னர் யார்டில் வழக்கம்போல லாரிகள் எக்ஸ்பிரஸ் ரோடு வரை நிற்கின்றன. எண்ணூர்ப் பக்கத்துக் காற்று திரும்பினால் சட்டைக் காலரில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது. மற்றவர்களுக்குச் சாம்பல் புதன் வருடத்தில் ஒருநாள். எங்களுக்கு வாரத்தில் ஆறுநாள்.

எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை இதுவரை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை தண்ணீர் குடிக்க. மற்ற மூன்றுக்கும் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. போன வாரம் இரண்டு கண்டெய்னர்களின் எண்ணை மாற்றி எழுதி, அசோகன் பார்த்துத் திருத்தினான். பதினோரு வருடமாக என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவன், காய்ச்சலா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அது பொய். அதைவிடப் பெரிய ஒன்று இருப்பதால் அதை இங்கே விரித்து எழுதவில்லை.

டிசம்பரில் நீ கேட்டாய், ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டட்டுமா, வந்துவிடட்டுமா என்று. உன் இஷ்டம் என்றேன். அதைப் பெருந்தன்மை என்று அப்போது நம்பினேன். மலர் சாப்பிட்டாளா என்று கேட்டாய். பிறகு, எனக்கும் சேர்த்துப் புதுவருட வாக்குத்தத்தம் எடுத்து அனுப்புங்கள், அட்டையில் எப்படி வருகிறதோ அப்படிச் செய்கிறேன் என்றாய். அப்போதே நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். சரி என்றேன்.

முதல் தேதி காலை ஆராதனையில், ஆளுக்கொரு வருட வசனம் அச்சடித்த அட்டைகளின் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. எனக்கு ஒன்று, பிறகு ஊரில் இல்லாத உனக்கு ஒன்று, இந்த ஒழுங்கில்தான் எடுக்கப் போனேன். கண்ணை மூடிக் கவிழ்ந்திருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்தேன். கண்ணைத் திறந்தால் கையில் இரண்டு. புதிதாக அச்சடித்து மேலே பளபளப்பு ஒட்டிய அட்டைகள், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எடுத்ததைத் திரும்பத் தட்டில் போடக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பத்துக் கட்டளைகளை மீறுகிறவர்கள்கூட அதை மீறுவதில்லை. தட்டும் மலரைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

ஒன்றில், இப்போது இருக்கிற தேசத்திலேயே குடியிரு என்று ஈசாக்குக்குச் சொன்ன வசனம். மற்றதில், உன் இனத்தாரிடத்துக்குத் திரும்பிப் போ என்று யாக்கோபுக்குச் சொன்ன வசனம். அப்பனுக்கு ஒரு உத்தரவு, மகனுக்கு நேரெதிர் உத்தரவு. இரண்டும் என் உள்ளங்கையில். எது எனக்கு, எது உனக்கு என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை.

என் வேலை உனக்குத் தெரியும். கேட்டில் வந்து நிற்கிற பெட்டியின் சீல் எண்ணும் காகிதத்தில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போகவில்லையென்றால் வண்டியை ஓரம் கட்டி, மேலே கேட்க வேண்டும். கேட் கிளார்க் தானாக ஊகித்து எதையும் எங்கேயும் அனுப்பக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரு பெட்டியைக்கூட ஊகித்து அனுப்பியதில்லை. அன்றைக்கு ஆலயத்தில் உட்கார்ந்துகொண்டு அனுப்பினேன். மேலே கேட்கவில்லை. கேட்பதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

யாக்கோபின் அட்டையை உனக்கு அனுப்ப ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்ததாலேயே அது ஆண்டவருடைய சித்தமாக இருக்காது என்று முடிவு செய்தேன். நமக்குப் பிடித்தது எதுவும் அவருக்குப் பிடிக்காது என்று சின்ன வயதிலிருந்து ஒரு எண்ணம் எனக்கு. உன்னை வார்டுக்குப் பொறுப்பாளராக ஆக்கப் போகிறார்கள் என்று நீ சொன்னதும் ஞாபகம் வந்தது. நீ அந்த வேலைக்கு ஏற்றவள்தான், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆகவே முகத்தைத் தியாகி மாதிரி வைத்துக்கொண்டு, ஈசாக்கின் அட்டையைப் படமெடுத்து உனக்கு அனுப்பினேன். யாக்கோபைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வாசலில் எல்லோருக்கும் கை கொடுக்கும்போது என்னைவிட நல்ல புருஷன் இந்தச் சபையில் யார் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு மணி நேரத்தில் உன் பதில் வந்தது. ஆண்டவர் பேசிவிட்டார், மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுகிறேன், ஸ்தோத்திரம் என்று. ஆண்டவர் பேசவில்லை, ஜூடி. பேசியது கேட் கிளார்க்.

இதை நேற்று வரை ஒளித்துத்தான் வைத்திருந்தேன். நேற்று ஏழு மணி ஜெபத்தில் மலர் தன் வழக்கமான பட்டியலைச் சொன்னாள். அம்மா, அப்பா, சொக்கம்மாள் பெரியம்மாவின் முழங்கால், ஸ்கூல் வாசலில் படுக்கிற மூன்று கால் நாய், ஆமென். பட்டியல் சீக்கிரம் முடிந்த மாதிரி இருந்தது. யோசித்துப் பார்த்தேன். அம்மாவைச் சீக்கிரம் கூட்டிவாங்க என்கிற கடைசி வரி இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்றும் எனக்குத் தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு யார்டு கணக்கை நினைக்கிறவன்.

ஏன் விட்டுட்ட என்று கேட்டேன். ஏசப்பாதான் அம்மாவ அங்கியே இருக்கச் சொல்லிட்டாரே, திரும்பத் திரும்பக் கேட்டா பேஜாராவ மாட்டாரா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் ஒரு சாமான் தீர்ந்துவிட்டதென்றால் நாம் சொல்வதில்லையா, அப்படிச் சொன்னாள். பிறகு ஓடிப்போய்த் தன் ஸ்கூல் பையிலிருந்து யாக்கோபை எடுத்து வந்தாள். துணி ஊறப்போடும்போது என் சட்டையில் கிடைத்ததாம். இதுல உன்னையும் திரும்பிப் போவச் சொல்றாருப்பா, நீ எங்க போவப் போற என்று கேட்டாள். பொங்கல் லீவுக்கு முன்னால் நான்கு நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். அம்மாவுக்கு அங்கே, அப்பாவுக்கு வேறெங்கோ, தான் யாரோடு என்பதுதான் அவளுடைய நான்கு நாள் கணக்கு.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அட்டைகள் ஒட்டிக்கொண்டதையும் நானாகப் பிரித்துக்கொண்டதையும் அவளிடம் சொன்னேன். எட்டு வயதுக்கு அவள் பொறுமையாகக் கேட்டாள். உன் அட்டையையும் எடுத்து வரச் சொல்லி, இரண்டையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பல் போன இடத்தில் காற்று போகப் போக விரல் வைத்துப் படித்தாள். படித்துவிட்டு, ரெண்டுலயும் கடைசில ஒண்ணேதாம்பா கீது, ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழிதிகினாங்களா என்றாள்.

குனிந்து பார்த்தேன். குடியிரு என்பதற்குக் கீழேயும், திரும்பிப் போ என்பதற்குக் கீழேயும், நான் உன்னோடு இருப்பேன் என்கிற அர்த்தத்தில் ஒரே வாக்குத்தான் இருக்கிறது. பதினேழு நாளாக நான் மேல்வரியை மட்டும் படித்துவிட்டு நடந்துகொண்டிருந்திருக்கிறேன். யார்டிலும் எண்ணைப் பார்த்தவுடன் காகிதத்தை மடித்துவிடுகிற பழக்கம்.

இன்று காலை ஆராதனை முடிந்ததும் நம் ஆயரிடம் போனேன். உனக்கு அவரைத் தெரியாது, புதிதாக வந்தவர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். வண்டியை உதைத்துக் கொண்டிருந்தவரிடம் நடந்ததைச் சொல்லி, மறுபடி ஒன்று எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அண்ணே, அது வாக்குத்தத்தம், ரயில் டைம்டேபிள் இல்ல என்றார். வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். பிறகு, அக்கா வரணும்னு உங்களுக்கு இருக்கா இல்லையா, அதை அவங்ககிட்டச் சொன்னீங்களா என்று கேட்டார். பிரசங்கத்தை முக்கால் மணி நேரம் இழுக்கிறவர் இதை இவ்வளவு சுருக்கமாகக் கேட்டிருக்க வேண்டாம். மலரின் சந்தேகத்தையும் சொன்னேன். நீதிபதியை விடாமல் நச்சரித்த விதவையின் கதையை பைபிளில் எதற்காக எழுதி வைத்திருக்கிறார்கள், பாப்பாவை தினமும் கேட்கச் சொல்லுங்க என்றார்.

வீட்டுக்கு வந்தால் சொக்கம்மாள் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மலர் மாடிப்படி ஏறுவதற்குள் சொல்லிவிட்டாள். கருவாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, இன்னா ஜெரினு, கட்ன பொண்டாட்டிய வான்னு கூப்ட சீட்டு எடுத்துப் பாப்பியா நீ, வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிகினு கீற என்று கேட்டாள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மேலே வந்து இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

இரண்டு அட்டையும் இத்துடன் இருக்கின்றன. எது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது, ஆயருக்கும் தெரியாது. நீ கையெழுத்துப் போடுவதானால் அந்த வேலை உனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகப் போடு. நான் பிரித்துக் கொடுத்த அட்டைக்காகப் போடாதே. நீ அங்கே இருந்தாலும் நானும் மலரும் சமாளித்துக்கொள்வோம் என்றுதான் அடுத்த வரியை எழுதினேன். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். காகிதத்தில் அந்த இடம் கறுப்பாக இருக்கும், வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே.

இன்னொரு செய்தி மிச்சமிருக்கிறது. ஆலயத்தில் நம் பெஞ்சில் எனக்கும் மலருக்கும் நடுவே ஒரு ஆள் இடம் விட்டு, அதில் உன் பாட்டுப் புத்தகத்தை வைப்பது அவள் வழக்கம். முதல் தேதிக்குப் பிறகு அதையும் விட்டுவிட்டாள். இன்று காலை அவளுக்கு முன்னால் போய் நானே வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தள்ளி உட்கார்ந்தாள். கூட்டம் அதிகம். ஒரு பெரியவர் வந்து, இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஆமாம், ஆள் வருகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் ஆராதனை முடியும்வரை தூணோரம் நின்றார்.

காய்ச்சல் என்று அசோகனிடம் சொன்னது யார்டில் சொன்னது. இது ஆலயத்தில் சொன்னது. பொய்யாகிவிடாமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ள வேண்டும், நீயும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கரையில் இருந்தாலும் அவர் உன்னோடு இருப்பாராக.

உன்,
ஜெரின்