ராத்திரி இல்லாத மெட்ராஸ் திட்டம்

786

மங்கலம் ரோடு,
திருப்பூர்.
அக்டோபர் 1991

அன்பு மகன் ஹிதாயத்துல்லாவுக்கு அம்மா சபுரா பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், அத்தா, தங்கச்சி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று அடுத்த வரி எழுதுவது வழக்கம். இந்தத் தடவை அந்த வரியைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன், ஏன் என்பது போகப்போகத் தெரியும். (அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நசீம் பானு. அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு. படித்துக் காட்டச் சொன்னால் அந்த இடங்களில் இருமிக்கொள்வேன்.)

தீபாவளி லீவுக்கு நாங்கள் மெட்ராஸ் வருவதற்காக நீ போட்டு அனுப்பிய திட்டம் கிடைத்தது. நம் பெருநாளுக்கு ஒருநாள் விட்டாலே பெரிது, கம்பெனிகள் சேர்ந்தாற்போல மூடுவது தீபாவளிக்குத்தான், அதனால் ஊர் பார்க்கக் கிளம்புவதென்றால் நமக்கும் தீபாவளிதான். காலையில் சென்ட்ரலில் இறங்குவது, இட்லி சாப்பிடுவது, மியூசியம் பார்ப்பது, மத்தியானம் பிரியாணி, அப்புறம் லைட் ஹவுஸ், சாயங்காலம் கடற்கரையில் சுண்டல், அன்றைக்கு ராத்திரியே நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துத் திரும்புவது என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். கையெழுத்து நன்றாக இருக்கிறது. அத்தா சத்தம் போட்டு இரண்டு தடவை படித்தார். எனக்குத்தான் ஒன்று இடித்தது. நான் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறவள், எந்தப் பனியனைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பி உள்பக்கம் பார்த்துத்தான் பழக்கம், தையல் விட்டது உள்ளேதான் தெரியும். உன் திட்டத்தையும் அப்படித் திருப்பிப் பார்த்தேன். அதில் நீ தங்குகிற அறை எங்கேயும் இல்லை. நாங்கள் படுத்து எழுகிற ராத்திரியும் இல்லை. கம்பெனி ஒரு வாரம் மூடியிருக்கும்போது எங்களை ஒரே நாளில் ரயிலேற்றி விடுவதற்கு உனக்கு என்ன அவசரம் என்றும் அதில் இல்லை. (ராத்திரி இல்லாத திட்டம் கையில்லாத பனியன் மாதிரி, அண்ணா. வெயிலுக்கு நல்லா இருக்கும், குளிருக்கு என்ன பண்ணுவது?)

இதை நான் சும்மா கிளப்பவில்லை. போன மாசம் நம் கம்பெனிப் பெட்டிகளை லாரியில் ஏற்றி நீ வேலை பார்க்கிற துறைமுகத்துக்குக் கொண்டு வந்தானே டிரைவர் குமாரவேல், அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் இரண்டு லுங்கியும் கொடுத்து உன் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தேன். நீ அவனைத் துறைமுக வாசலிலேயே நிற்கச் சொல்லி, அங்கேயே வாங்கிக்கொண்டு, பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போய் வயிறு முட்ட வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். வந்ததும் அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், "தம்பி நல்லா கவனிச்சுக்கிச்சுங்க. பரோட்டா, முட்டை, டீ, பீடா வரைக்கும் ஆச்சுங்க. ஊட்டை மட்டுந்தான் காட்டலீங்க" என்று. அன்றைக்கு நான் பார்த்த பீஸில் ஓட்டை ஒன்று தப்பிப்போய் சூப்பர்வைசர் திட்டினார், அவ்வளவுதான். உன் விலாசம் என்று எங்களிடம் இருப்பதும் ஆபீஸ் விலாசம்தான். இந்தக் கடிதமும் அங்கேதான் வரும்.

அத்தாவுக்கு இதெல்லாம் தலையில் ஏறவில்லை. அவருக்கு ஒரே ஒரு ஆசை, தான் வெட்டிய துணி பனியனாகிக் கப்பல் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். கட்டிங் டேபிளில் இத்தனை காலம் நின்றும் வெட்டினது எங்கே போகிறது என்று பார்த்ததில்லை என்கிறார். ஆனால் தீபாவளிக்குக் கப்பல் ஓடாது என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டிருக்கிறார். ஏன் ஓடாது என்று கேட்டதற்கு, திருப்பூரே மூடிக் கிடக்கும்போது கப்பல்காரன் எதை ஏற்றுவான், அவனும் ஊருக்குத்தான் போயிருப்பான் என்றார். நசீம் சிரித்ததில் டீயைக் கொட்டினாள். கப்பல் ஓடுமா ஓடாதா என்று விசாரித்து நீயே அவருக்குத் தனியாக ஒரு கார்டு போடு, நாங்கள் சொன்னால் நம்பமாட்டார். (அத்தா துணி வெட்டுகிறார், அம்மா பிசிறு வெட்டுகிறார், இந்த ஊட்டில் நான் ஒருத்திதான் வெட்டி. அதனால் என் ஆசையையும் இங்கேயே செருகிவிடுகிறேன்: மியூசியம் வேண்டாம். பழைய செம்புப் பாத்திரம் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்து ஊட்டு முத்தாத்தா அக்காவிடமே ஒரு பரண் நிறைய இருக்கிறது. அந்த நேரத்தையும் கடலுக்கே கொடுத்துவிடு.)

பக்கத்து வீட்டு முத்தாத்தாள் விஷயம் ஒன்று ஞாபகம் வருகிறது. மெட்ராசில் கடலில் குழாய் போட்டுத்தான் வீடுகளுக்குத் தண்ணீர் விடுகிறார்கள், அங்கே டீக்குக்கூட உப்புக் கரிக்கும் என்று இதை எழுதுகிற கழுதை அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறது. அவள் பாவம், நம்பிக்கொண்டு, தீபாவளிக்குத் தான் சேவூர் போவதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைய நல்ல தண்ணீர் பிடித்து வாயில் துணி கட்டி வைத்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். ரயிலில் குடத்துக்கும் தனி டிக்கெட் கேட்பார்களா என்று வேறு கவலை. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டுங்க அக்கா, தம்பி ஊட்டுல சோறாக்க வேண்டாமுங்களா?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட நாங்கள் உன் வீட்டில் சோறாக்கப்போகிறோம் என்றுதான் நினைப்பு. உனக்குத்தான் அந்த நினைப்பு வரவில்லை.

சரி, சோறு என்று வந்ததால் கேட்கிறேன். போன தீபாவளிக்கு லீவு கிடைக்காமல் நீ அங்கேயே இருந்தபோது என்ன எழுதினாய்? கடையெல்லாம் பூட்டிவிட்டார்கள், பன்னும் டீயும் சாப்பிட்டுப் படுத்தேன் என்று எழுதினாய். அந்தக் கடிதத்தைக் கேட்டுவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் அதே தீபாவளியன்று எங்களுக்கு மட்டும் எந்த ஓட்டல்காரன் பிரியாணி ஆக்கி வைத்துக் காத்திருக்கிறான்? மியூசியம் திறக்குமா என்பதும் சந்தேகம்தான். திருப்பூர்க்காரர்களுக்கு லீவு கிடைக்கிற நாளில் மெட்ராஸ்காரர்களுக்கும் லீவு, இது எனக்கே தோன்றும்போது அங்கேயே இருக்கிற உனக்குத் தோன்றாமல் இருக்காது. எங்களை எங்கேயாவது நடக்க வைத்து நேரத்தைக் கடத்திவிடலாம் என்று எழுதினாயோ என்னவோ. இதை அத்தாவிடம் சொன்னேன். அவர் கத்தரிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டுக் கத்தரி முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "விருந்தாளிகளுக்குத்தான் ஊரைச் சுத்திக் காட்டுவாங்க. நம்மளையும் அந்தக் கணக்குலே சேர்த்துட்டானா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி சாணை பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கும் கோபமில்லை கண்ணு. ஆனால் இன்றைக்கு அறையை மறைக்கிறவன் நாளைக்குக் காய்ச்சலை மறைப்பான், வேலை போனால் அதையும் மறைப்பான், அப்புறம் உன் கடிதத்தில் மெட்ராஸ் இருக்கும், நீ இருக்கமாட்டாய். அதற்காகத்தான் திட்டத்தை மாற்றுகிறேன். ரயிலில் இறங்கியதும் நேராக நீ தூங்குகிற இடத்துக்கு வருகிறோம். ஸ்டவ், பாசுமதி அரிசி, இஞ்சி பூண்டு அரைத்தது எல்லாம் கொண்டுவருகிறேன், கறி மட்டும் நீ வாங்கி வைத்தால் போதும், பிரியாணி அங்கேதான். மறுநாள் கப்பல், அதற்கு மறுநாள் கடல். (அண்ணா, கடலைக் கடைசியில் தள்ளிவிட்டார்கள், எதிர்த்துக் கேட்கவும் ஆளில்லை.) இந்த இடத்தில் நிறுத்தி, இதுவரை எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னேன். நசீமுக்கு நெஞ்சுச் சளி பிடித்திருக்கும்போல, ஒரு பக்கம் படிப்பதற்குள் அத்தனை இருமல். துளசிக் கஷாயம் வைக்க வேண்டும். (வைத்துவிட்டார்கள். குடித்தும் விட்டேன்.)

அறையில் உன்னோடு இன்னும் நாலு பேர் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து ஆக்குகிறேன். மேலே தகரம் போட்டிருந்தால் இங்கேயும் தகரம்தான். அறையே இல்லை, நீ குடோனில் பெட்டிகளுக்கு நடுவில்தான் படுக்கிறாய் என்றால் அதற்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். அந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது அத்தா வெட்டி, நான் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, மடித்து அனுப்பிய சரக்கு. அதன் பக்கத்தில் நான் பாய் விரித்துப் படுத்தால் யாரும் ஏனென்று கேட்க முடியாது. நீயும் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஒதுக்கி வைத்திருந்த வரியை இப்போது எழுதச் சொல்கிறேன்: நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், வந்து பார்த்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, தொழுகையை விடாதே. எங்கே படுத்தாலும் அல்லாஹ் உனக்கு நல்ல தூக்கமும் நல்ல விடியலும் கொடுக்கட்டும், என் துஆ எப்போதும் உனக்கு உண்டு. மறக்கக்கூடாதது ஒன்றே ஒன்றுதான். சென்ட்ரல் வாசலில் ஆட்டோக்காரனிடம் நீ முதலில் சொல்கிற இடம் நீ இருக்கிற இடமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சபுரா பீவி

(அத்தாவும் ஸலாம் சொல்லச் சொன்னார். ஆட்டோக்காரனிடம் இரண்டாவதாகச் சொல்ல வேண்டிய இடம் கடல், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது நீ. — நசீம்)