அறுநூறு பேருக்குக் கேக்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறாய்; அதனால் எழுதுகிறேன்.

பெரியவளின் கல்யாண வரவேற்புக்கு ஐந்தடுக்குக் கேக் வேண்டவே வேண்டாம். மேடையில் வெட்டச் சின்னதாக ஒன்று போதும். அறுநூறு பேருக்கும் ட்ரேயில் சுட்டு, சமையல்கட்டிலேயே துண்டு போட்டுக் கொடுக்கலாம். "கல்யாண வீடா, டீக்கடையா மாமா?" என்று உன் தம்பி சிரிக்கிறான். பதினாறு வருடமாக பேக்கரி அடுப்பில் வேகிறவன் நானா, அவனா?

வார விடுமுறை நாளிலும் பேக்கரிக்குப் போய் ஒரு ட்ரே சுட்டுப் பார்த்தேன். எண்பது துண்டு வந்தது. கையில் லேசாகத்தான் சூடு பட்டது, பயப்படாதே. எட்டு ட்ரே போதும்.

கல்யாணத்துக்கு ஊருக்கு வர எனக்கு லீவு கிடையாதாம். துண்டு போடும் இடத்தில் வீடியோ கால் போட்டு போனை நிமிர்த்தி வை; அளவை நான் பார்க்க வேண்டும். பெரியவளையும் ஒரு நிமிடம் அங்கே வந்து நிற்கச் சொல்.

வேலைக்கு மணியாகிவிட்டது.

அவள் அப்பா