உன் தங்கப் பல்லுக்குப் போட்ட சிமெண்டு

அத்தை,

இன்று காலை கிளினிக்கில் ஒரு பல்லுக்குத் தற்காலிக சிமெண்டு குழைத்தேன். கிராம்பு எண்ணெய் வாசனை கிளம்பியதும் குமட்டிக்கொண்டு வந்தது. பல் டாக்டருக்குக் கிராம்பு குமட்டலாமா என்று நீ கேலி செய்வாய். என்ன செய்ய, அந்த வாசனை என்றால் உன் வாய் நினைவுக்கு வருகிறது. உன் வாய் என்றால் உடனே சித்தப்பாவின் கட்டைவிரலும் வந்துவிடுகிறது.

பட்டு நூலைப் பல்லால் அறுத்து அறுத்தே உன் கோரைப் பல்லை உடைத்துக்கொண்டாய். ஜோடியில் ஒன்று தொலைந்து மிஞ்சிய தங்கத் தோட்டை எடுத்து வந்து, "இதுல பல்லுக்குக் கேப் செஞ்சி போடு. காதுல போட்டாத்தான் தொலையுது, வாயில இருக்கட்டும்" என்றாய்.

கடிக்கும்போது சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, முதலில் கிராம்புச் சிமெண்டில்தான் ஒட்டினேன். "இன்னாடி, வாயெல்லாம் குருமா வாசனை அடிக்குது" என்று திட்டினாய். அது வலியை அடக்கும், கழற்றவும் எளிது. ஆனால் வலுவில்லை, எச்சிலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். ஐயம்பேட்டைக் கல்யாணத்தில் கேப் அப்பளத்தோடு கழன்று வந்தது. முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாய்.

நிரந்தரமாக ஒட்ட எதைப் போடுவது? ரெசின் சிமெண்டுக்குப் பிடிப்பு அதிகம், ஆனால் கிராம்பு எண்ணெய் பட்ட இடத்தில் அது ஒழுங்காக இறுகாது. கிளாஸ் அயனோமர் சிமெண்டு பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும், சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடும் கசியவிடும். இறுகும்வரை எச்சில் படாமல் இருக்க வேண்டும், அவ்வளவு நேரம் நீ பேசாமல் இருக்கிற ஆளா? அதனால் பழைய ஜிங்க் பாஸ்பேட் சிமெண்டையே எடுத்தேன். குளிர்ந்த கண்ணாடிப் பலகையில் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துக் குழைக்க வேண்டும், அவசரப்பட்டால் சூடேறிச் சட்டென்று இறுகிவிடும். முதலில் புளிக்கும், பிறகு கல்லாகிவிடும். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனவள், தெரு முழுக்க வாயைத் திறந்து காட்டி, "டாக்டரம்மா சிமெண்டு போட்டுப் பூசிட்டா" என்று சொல்லிவிட்டாய். அந்தச் சொல்தான் வினையாகிப் போனது.

நீ இறந்த அன்று, உன்னைக் குளிப்பாட்டி மூக்குத்தியைக் கழற்றியதும் சித்தப்பா வந்தார். நீ தூக்கி வளர்த்த தம்பி. புகையிலைக் கறை படிந்த கட்டைவிரலை உன் உதட்டுக்குள் நுழைத்துக் கேப்பை ஆட்டிப் பார்த்தார். சீ, நினைத்தாலே உடம்பு கூசுகிறது. அது அசையவில்லை என்றதும் பிடுங்குவதற்குத் தறிக்கு வைத்திருந்த குறட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"வெறும் சிமெண்டுதானே. ஒரு தட்டு தட்டினா செவுத்துப் பூச்சு மாதிரி பேந்துக்கினு வந்துடும். நீதானே பூசின, நீயே தட்டும்மா."

"வராது சித்தப்பா. தாடையோடதான் வரும். பரவால்லியா?"

பொய்தான். கேப்பை வெட்டி எடுக்கும் கருவி கிளினிக்கில் இருந்தது. பயந்து கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார், அத்தை. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். அந்த யோசனையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பாடை கிளம்பும்வரை உன் தாடையைச் சேர்த்துக் கட்டிய துணியின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

எலும்பு பொறுக்கிய அன்று சாயங்காலமே அவர் கிளினிக்குக்கு வந்துவிட்டார். சாம்பலைச் சலித்திருக்கிறார். காகிதப் பொட்டலத்தைப் பிரித்தால், கருத்துப்போன கேப்.

"உள்ள சிமெண்டு புடிச்சிக்கினு இருக்குது பாரு. சுரண்டிக் குடுத்துடும்மா. இல்லன்னா நகை ஆசாரி எடையில கழிவு போட்டுடுவான்."

விளக்கை இழுத்துப் பார்த்தேன். சிமெண்டு ஓரத்தில் மெல்லிய கோடாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது, வெந்து வெளுத்துப்போன உன் பல். எரிந்த பிறகும் அது கழன்று வரவில்லை.

தங்கத்தைக் கீறிப் பிரித்து, கழுவி, அவர் உள்ளங்கையில் போட்டேன்.

"உள்ள இருந்தது இன்னாச்சு?"

"சிமெண்டுதானே சித்தப்பா. குப்பையில போட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்று எழுந்து போனார்.

இப்போதும் அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உன் மற்ற எலும்பையெல்லாம் அந்தக் கையால்தான் கடலில் கரைத்தார். இந்தப் பல் ஒன்றை மட்டும் அவரிடம் கொடுக்காமல் நானே வைத்திருக்கிறேன், அத்தை.